வெறுங்கோணிக் கணக்கு

அஹமது பாட்சா எதையும் நம்பமாட்டார் என்பது உத்திரமேரூரில் எல்லோருக்கும் தெரியும். பழைய கோணிகளை வாங்கி, கிழிசலைத் தைத்து, மில்களுக்கு விற்பது அவர் தொழில். ஒரு கோணி கைக்கு வந்தால் முதலில் உள்பக்கத்தை வெளியே திருப்புவார். தையல் ஓரத்தில் தங்கியிருக்கும் தூசியை இரண்டு விரலால் எடுத்து மூக்கருகே கொண்டுபோவார்.

"நெல்லு கோணின்னு சொன்ன. புண்ணாக்கு வாசன அடிக்குதே" என்று சொல்லி எட்டணாவைக் குறைப்பார்.

டீக்கடையில் தன் கண் முன்னால் பாலை ஊற்றினால்தான் டீயைக் குடிப்பார். பஸ்ஸில் டிக்கெட் வாங்கியதும் பஞ்ச் செய்த ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "கோணி பாய் தன் நிழலுக்கே ரசீது கேப்பாரு" என்று கடைத்தெருவில் சொல்வார்கள். ஆனால் முப்பது வருஷத்தில் அவர் யாருக்கும் ஒரு கோணி குறைத்துக் கொடுத்ததாக ஒருவரும் சொன்னதில்லை.

அவர் கடைக்கு எதிர் வீடு எங்களுடையது. எண்பத்திரண்டாம் வருஷம் நான் பத்தாவது முடித்துவிட்டு, மேலே படிக்கச் செங்கல்பட்டுக்கு அனுப்புவார்களா மாட்டார்களா என்று தெரியாமல் வீட்டுக்குள்ளும் வெளியிலும் நடந்துகொண்டிருந்தேன். கணக்கில் எண்பத்தொரு மார்க் வாங்கியிருந்தேன். அதனால்தான் பாய் என்னைக் கூப்பிட்டார்.

விஷயம் அவர் மனைவி நசீராக்காவின் பணம். வாலாஜாபாத்தில் இருந்த தாய் வீட்டை விற்றதில் அக்காவின் பங்காக நாலாயிரம் ரூபாய் வந்திருந்தது. பேங்கில் போட்டால் வட்டி வரும். வட்டியை அவர்கள் தொடுவதில்லை. அந்த நேரத்தில்தான் எங்கள் ஊர்த் தாமரை அவல் கம்பெனி புதிதாகப் பங்கு விற்கப்போவதாக நோட்டீஸ் வந்தது. ஒரு பங்கு நூறு ரூபாய். ஆனி மாதக் கடைசி நாள் வரை வாங்கலாம். போன வருஷம் நூறு ரூபாய்ப் பங்குக்கு இருபத்துநாலு ரூபாய் ஆதாயம் கொடுத்திருந்தார்கள்.

"இது வட்டி இல்ல. லாபம் வந்தா பங்கு, நஷ்டம் வந்தா நஷ்டத்துல பங்கு. நாப்பது பங்கு வாங்கிடலாம்" என்றார் நசீராக்கா.

"நூத்துக்கு இருபத்துநாலா?" என்றார் பாய். "அவல்லயா? அவன் இன்னா அவலுக்குள்ள தங்கம் வச்சி விக்கிறானா?"

"நீங்க யாரத்தான் நம்பியிருக்கீங்க? நிக்காஹ் அன்னிக்கு எங்க அத்தா குடுத்த கடிகாரத்தயே தொறந்து பாத்தவருதானே?"

"தொறந்து பாத்தேன். உள்ள துருதானே இருந்திச்சி?"

அக்கா சிரித்துவிட்டார். ஆனால் பணம் அவருடையது, முடிவும் அவருடையது. "லாஸ்ட் தேதி வரைக்கும் பாருங்க. தப்பு இருந்தா காட்டுங்க. இல்லன்னா நான் போய் கட்டிட்டு வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

பாய்க்கு இருபது நாள் இருந்தது.

எங்கள் நைனா வீராசாமிக்கு அந்தக் கம்பெனியில் ஐந்து பங்கு உண்டு. அதனால் கம்பெனியின் வருஷக் கணக்கு, இரண்டு பக்கம் அச்சடித்தது, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. பாய் அதை வாங்கிக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

"சுலோச்சனா கண்ணு, இந்த இருபத்துநாலு எங்கேர்ந்து வந்திச்சி? அத மட்டும் பிரிச்சி சொல்லு. மொத்தமா சொன்னா எனக்கு வாணாம். தையல் பிரிக்கிற மாதிரி ஒண்ணொண்ணா பிரி."

கணக்கு இதுதான். பங்குதாரர்கள் போட்ட சொந்தப் பணம் ஐம்பதாயிரம். அந்த வருஷம் விற்ற அவல் நாலு லட்சம் ரூபாய்க்கு. செலவெல்லாம் போக நின்ற லாபம் பன்னிரண்டாயிரம். ஐம்பதாயிரத்துக்குப் பன்னிரண்டாயிரம் என்றால் நூற்றுக்கு இருபத்துநாலு. அது சரியாகத்தான் இருந்தது.

முதலில் விற்பனையையும் லாபத்தையும் வைத்து வகுத்தேன். விற்ற ஒவ்வொரு ரூபாயிலும் மூன்று பைசா நிற்கிறது.

"மூணு பைசாவா?" பாய் நம்பவில்லை. "எனக்கே ரூபாய்க்கு பத்து பைசா நிக்கிது. மூணுன்னு எழுதி வச்சிக்கினு முப்பது அடிக்கிறான். எடையில கைய வச்சிருப்பான்."

மறுநாள் ஒரு கிலோ அவல் வாங்கி வந்து தன் தராசில் போட்டார். ஒரு கிலோ இருந்தது. சந்தேகம் தீராமல் வேறு கடையில் இன்னொன்று வாங்கினார். அதுவும் ஒரு கிலோ. பழைய அரிசியைக் கலந்திருப்பானோ என்று தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தார். நல்ல அவல். மூன்று நாள் அவர்கள் வீட்டில் காலை நாஷ்டா அவல்தான்.

"திருட்டு கண்டுபுடிக்கிறதுக்குள்ள எங்க வயிறு ஊதிடும்" என்றார் அக்கா.

அடுத்ததாக, கம்பெனியில் மொத்தம் எவ்வளவு கிடக்கிறது என்று பார்த்தோம். மிஷின், ஷெட், இருப்பு, மெட்ராஸ் மண்டிக்காரர்கள் தரவேண்டியது எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து அறுபதாயிரம். அதை வைத்து நாலு லட்சத்துக்கு விற்றிருக்கிறார்கள். அதாவது உள்ளே கிடக்கும் ஒவ்வொரு ரூபாயும் வருஷத்தில் இரண்டரை தடவை சுற்றி வந்திருக்கிறது.

"இதுல பொய் இருந்தா எனக்கு தெரிஞ்சிடும்" என்றார் பாய். அந்தக் கம்பெனிக்கு அவல் ஏற்றக் கோணி கொடுப்பவரே அவர்தான். தன் சிட்டையைப் புரட்டினார். அந்த வருஷம் கொடுத்தது இரண்டாயிரத்து ஐந்நூறு கோணி. ஒரு கோணி அவல் நூற்றறுபது ரூபாய். பெருக்கினேன். நாலு லட்சம் வந்தது.

பாய் முகம் வாடிவிட்டது. திருடன் கிடைக்காத போலீஸ்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஆனால் எனக்கு அங்கேதான் ஒன்று இடித்தது. ஒரு சுற்றுக்கு மூன்று பைசா, இரண்டரை சுற்று. மூன்றை இரண்டரையால் பெருக்கினால் ஏழரை. அப்படியானால் நூற்றுக்கு ஏழரை ரூபாய்தானே வரவேண்டும்?

அப்போது மாட்டுக்குத் தவிடு வாங்கிக்கொண்டு வந்த நைனா கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏழரயா? அந்த வார்த்தய காதுல போடாத. ஏற்கெனவே ஏரியில தண்ணி இல்ல."

"நைனா, மீதி பதினாறரை எங்கேருந்து வந்ததுன்னு தெரியலை."

"வந்துச்சில்ல? எனக்கு நூத்தி இருபது ரூபா குடுத்தாங்க. வந்த துட்ட ஏன் வந்தன்னு கேக்கக்கூடாது."

பாய் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேக்கணும்" என்றார்.

உள்ளே கிடப்பது ஒரு லட்சத்து அறுபதாயிரம். சொந்தப் பணம் ஐம்பதாயிரம். அப்படியானால் சொந்தப் பணத்தில் ஒவ்வொரு ரூபாயும் மூன்று ரூபாய் இருபது பைசாவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. ஏழரையை 3.2 ஆல் பெருக்கினேன். இருபத்துநாலு.

தையல் பிரிந்துவிட்டது. மூன்று பைசா, இரண்டரை சுற்று, மூன்றே சொச்சம் மடங்கு. முதல் இரண்டும் கம்பெனியின் உழைப்பு. மூன்றாவது, அடுத்தவர் பணம். ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.

"யாருது?" என்றார் பாய்.

அச்சடித்த தாளில் மிஷினுக்கு வாங்கிய பேங்க் கடன் இருபதாயிரம் தனியாக இருந்தது. மீதித் தொண்ணூறாயிரத்துக்கு ஒரே வரி: இதர பாக்கிகள். பெயர் இல்லை, ஊர் இல்லை.

"பேர் போடாத கடன்னா அது கள்ளக் கடன்" என்றார் பாய். "மேனேஜரு மச்சான் பேர்லயோ, மாமன் பேர்லயோ."

மேனேஜர் ஏகாம்பரம் வெள்ளை வேட்டி கசங்காத மனிதர். பாய் அவரிடம் நேராகக் கேட்கவில்லை. கம்பெனிக்குப் போய், "மேனேஜரே, பின்னாடி ஷெட்டுல காலி கோணி நெறைய கீது. எலி கடிச்சிக்கினு கீது. பாதிக் கூலிக்குத் தைச்சித் தரேன்" என்றார். பாய் பாதிக் கூலிக்கு ஒரு வேலை செய்வதாகச் சொன்னதும் ஏகாம்பரத்துக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனாலும் ஒப்புக்கொண்டார். ஆனி மாதக் கடைசிக்குள் திரும்பி வரவேண்டும் என்றார்.

இரண்டு மாட்டு வண்டி நிறையக் கோணி வந்து கடையில் இறங்கியது. எல்லாம் நெல் கோணி. பாய் வழக்கம்போல் ஒவ்வொன்றாகத் திருப்பினார். நான் எதிர்வீட்டு வாசலில் இருந்து பார்த்தபோது ஒரு கோணியின் மேல் தாரால் போட்ட குறி தெரிந்தது. ஒரு வட்டம், அதற்குள் இரண்டு கோடு. எங்கள் குறி. அறுப்பு முடிந்ததும் நைனா தன் கையால் போடுவது.

எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொன்னால்தான் இது புரியும். தை மாதம் அறுத்த நெல்லை விவசாயிகள் அவல் கம்பெனியில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். அன்றைக்கு விலை பேசமாட்டார்கள். ஆடியில் நெல் விலை ஏறும். அப்போது ஒரு நாள் போய், "இன்னிக்கு விலய வெட்டு" என்பார்கள். அன்றைய விலைக்குப் பணம் வரும். பணத்தோடு சேர்த்து அவரவர் குறி போட்ட காலிக் கோணியும் திரும்பும். கோணி திரும்பினால் கணக்கு தீர்ந்தது. திரும்பாவிட்டால் தீரவில்லை. இதற்குச் சீட்டு, ரசீது எதுவும் அப்போது பெரிதாகக் கிடையாது. குறிதான் ரசீது.

பாய் எண்ணினார். நான் கோடு போட்டேன். ஆயிரத்து நாலு. அதில் நாலுக்குக் குறி இல்லை. தை மாதம் ஒரு மூட்டை நெல் தொண்ணூறு ரூபாய். ஆயிரம் மூட்டை, தொண்ணூறாயிரம்.

பாய் கோணி ஊசியைத் தொப்பியில் செருகிக்கொண்டார். பிறகு, "மச்சானும் இல்ல, மாமனும் இல்ல. உங்க நைனா" என்றார்.

எங்கள் கோணி மட்டும் பதினெட்டு இருந்தது. நைனாவுக்குப் பங்கு லாபமாக வந்த நூற்றிருபது ரூபாய், அவரே விலை வெட்டாமல் போட்டு வைத்த நெல்லின் மேல் ஓடி வந்தது.

மறுநாள் பாய் ஏகாம்பரத்திடம் போய்க் கேட்டே விட்டார். என்னையும் நசீராக்காவையும் வைத்துக்கொண்டு அவர் அதைத் திருப்பிச் சொன்னது இப்படி.

"நான் சொன்னேன், ஆயிரம் மூட்டைக்கு துட்டு பாக்கி வச்சிக்கினு இருபத்துநாலு குடுத்தியேன்னு. அவரு பீரோவ தொறந்து எல்லா நோட்டயும் என் முன்னாடி போட்டாரு. பாய், ஒரு பைசா நான் தொட்டதில்ல, பாத்துக்கோன்னாரு. பாத்தேன். தொடல."

"அப்ப நல்லவருதானே?" என்றார் அக்கா.

"அதான் பேஜாரா கீது. திருடனா இருந்தா புடிச்சிடலாம். இவரு நெஜமாவே லாபம்னு நம்பிக்கினு கீறாரு."

"அந்த பாக்கிய எப்ப குடுப்பாராம்?"

"இப்ப பங்கு விக்கிறாரில்ல, அம்பதாயிரம். அந்த துட்டுல."

அக்கா என்னைப் பார்த்தார். "எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு சுலோ."

நான் சொன்னேன். புதுப் பங்கு ஐம்பதாயிரம் சேர்ந்தால் சொந்தப் பணம் ஒரு லட்சம் ஆகிவிடும். அதை வைத்துப் பழைய பாக்கியைத்தான் அடைக்கப்போகிறார்கள், புது மிஷின் வரப்போவதில்லை. லாபம் அதே பன்னிரண்டாயிரம்தான். ஒரு லட்சத்துக்குப் பன்னிரண்டாயிரம் என்றால் நூற்றுக்குப் பன்னிரண்டு. நோட்டீசில் இருபத்துநாலைக் காட்டித்தான் பங்கு விற்கிறார்கள், ஆனால் வாங்கிய நிமிஷமே அது பாதியாகிவிடும்.

"பன்னெண்டுன்னாலும் பரவால்லயே" என்றார் அக்கா.

"இரு" என்றார் பாய். "கணக்குல நெல்லு தொண்ணூறுன்னு எழுதி கீது. அது தை வெல. நேத்து மார்க்கெட்டுல நூத்தி ஒண்ணு. கோணி காலின்னா உள்ள நெல்லு இல்ல. அவலாகி மெட்ராஸ் போய், வித்தும் போச்சு. பழைய வெலைக்கு வித்துட்டு புது வெல குடுக்கணும்."

ஆயிரம் மூட்டைக்குப் பதினொரு ரூபாய் கூடுதல். பதினோராயிரம். போன வருஷத்து லாபம் பன்னிரண்டாயிரம். அந்த லாபமும் பங்குதாரர்கள் கையில் கொடுத்துச் செலவாகிவிட்டது.

நசீராக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "என் துட்டு. நானே போய் என் கண்ணால பாத்துட்டு சொல்றேன்" என்றார். பாய்க்குத் தன் சந்தேகத்தையே ஒருவர் சந்தேகப்படுவது அன்றுதான் முதல் தடவையாக இருந்திருக்கும்.

ஆனிக் கடைசி நாள் காலை பத்து மணிக்குக் கம்பெனி முற்றத்தில் பங்கு வாங்க இருபது முப்பது பேர் நின்றார்கள். பெரும்பாலும் விவசாயிகள். எங்கள் நைனாவும் நின்றார். கையில் பணம் இல்லாதவர்களுக்கு ஏகாம்பரம் ஒரு வழி சொல்லியிருந்தார். போட்ட நெல்லுக்குப் பணமாக வாங்காமல் பங்காகவே எழுதிக்கொள்ளலாம். நைனா பதினெட்டு மூட்டையையும் பங்காக்கப் போயிருந்தார். நான் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். "கோணி தைக்கிறவரும் பத்தாவது படிச்ச பொண்ணும் சேந்து கம்பெனிய மூடப் பாக்கறீங்களா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நசீராக்கா நாலாயிரத்தையும் துணிப்பையில் வைத்துக்கொண்டு வரிசையின் ஓரத்தில் நின்றார். நான் பக்கத்தில் நின்றேன்.

அப்போது பாயின் இரண்டு வண்டிகள் முற்றத்துக்குள் வந்தன. தைத்து, தட்டி, குறி வெளியே தெரியும்படி மடித்து அடுக்கிய ஆயிரத்து நாலு கோணி. பாய் வண்டிக்காரரிடம், "பின்னாடி ஷெட்டு பூட்டியிருக்கு. இங்கியே எறக்கு" என்றார். வரிசைக்கு எதிரிலேயே கோணிகள் மலையாக ஏறின.

வரிசை அந்தப் பக்கம் திரும்பியது. சடையப்பன் என்ற கிழவர்தான் முதலில் தன் குறியைப் பார்த்தார்.

"என் கோணி வந்துட்ச்சிடா!"

"என்து கூட கீது பார், மூணு புள்ளி."

"கோணிய வெளிய எடுத்துட்டாங்கன்னா துட்டு ரெடி. இன்னிக்கி வெல இன்னா?"

"நூத்தி ஒண்ணு."

அவர்களுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கோணி திரும்பினால் கணக்கு தீர்கிறது. பங்கு வாங்க நின்ற வரிசை அப்படியே விலை வெட்டும் வரிசையாக மாறிவிட்டது. எங்கள் நைனா கையை உயர்த்தி, "வீராசாமி, பதினெட்டு! இன்னிக்கி வெலய வெட்டுங்க!" என்று குரல் கொடுத்தார். பங்காக்கப் போனவர்.

ஏகாம்பரம் வெளியே வந்தார். கோணி மலையைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். கோணி தைக்கத்தான் போனது, பணம் தயாராக இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த தையில் ஒரு மூட்டையும் அந்த முற்றத்துக்கு வராது என்று அவருக்குத் தெரியும்.

"எல்லாருக்கும் நூத்தி ஒண்ணு" என்றார். "மூணு தவணையா குடுக்கிறேன். கோணிய இப்பவே எடுத்துக்குங்க."

அன்று புதுப் பங்கு ஒன்றும் விற்கவில்லை. நசீராக்கா துணிப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஷெட் நிஜமாகவே பூட்டியிருந்ததா, இல்லை பாய் வேண்டுமென்றே அங்கே இறக்கினாரா என்று நான் இன்றுவரை சந்தேகப்படுகிறேன். கேட்டேன். "பூட்டித்தான் இருந்திச்சி" என்றார். "நீங்க போய்ப் பாத்தீங்களா?" என்றேன். "சும்மா கேள்வி கேக்காத கண்ணு, போய் படி" என்றார்.

பாக்கி அடைய ஐப்பசி வரை ஆனது. பேங்கில் மேலும் கடன் வாங்கினார்கள். மெட்ராஸ் மண்டிகளில் ஏகாம்பரம் வாரக்கணக்கில் உட்கார்ந்து வசூல் செய்தார். அந்த வருஷம் ஆதாயம் ஒரு ரூபாய்கூட இல்லை. ஊர் முழுக்கப் பாயைத் திட்டியது. கம்பெனிமேல் கண் வைத்துவிட்டார் என்றார்கள். கோணி திரும்பி வாங்கியவர்கள் ஒவ்வொருவரும் எண்ணிக்கை சரியா, தைக்கும் சாக்கில் தன் நல்ல கோணியை மாற்றிவிட்டாரா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அவர் கடை வாசலிலேயே நின்று பார்த்தார்கள். பாய் கோபப்படவில்லை.

"பாக்கட்டும். பாக்கறது நல்லதுதான்" என்றார்.

அடுத்த தையில் நூறு ரூபாய்ப் பங்கு ஐம்பதுக்கு இறங்கியது. சடையப்பன் விற்றார். எங்கள் நைனாவும் ஐந்து பங்கை விற்றார். வாங்கியது யார் என்று பாய்க்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

"எம்பது பங்கா? நாலாயிரத்தயும் போட்டுட்டியா?" கோணி ஊசி கையிலிருந்து விழுந்துவிட்டது.

"போட்டேன்" என்றார் நசீராக்கா. "அவல் எடை சரி, சுத்து சரின்னு நீங்கதான் சொன்னீங்க. அந்த ஏழர அவரு உழைப்பு. அது எங்கியும் போகல. பாதி வெலைக்கு வாங்குனா எனக்கு அது பதினஞ்சி."

"பேங்க் கடன் கீதே?"

"கீது. அதுக்குப் பேரு போட்டு கீது. பேரு இல்லாததுதானே வாணாம்னீங்க?"

"ஷெட்டுல கோணி?"

"வாங்கறதுக்கு முன்னாடி நானே போய் பாத்தேன். இந்த வருஷத்து நெல்லுக்கு அப்பப்ப வெல வெட்டி துட்டு குடுத்துடறாரு. குறி போட்ட கோணி ஒண்ணுகூட இல்ல."

பாய் ஊசியைத் தேடி எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஷெட்டு ரெண்டு கீது" என்றார். "எந்த ஷெட்ட பாத்தாளாம்னு கேளு."